நுங்கு வண்டி முதல் பூவரசம் பீப்பி வரை: கிராமத்துக் கைப்பொம்மைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை விடுமுறை தொடங்கியதும் இந்தக் கேள்விகள் வரிசையாக வர ஆரம்பிக்கும். பிள்ளைகளைச் சொந்த ஊருக்குக் கூட்டிப் போகும் பெற்றோர், கிராமத்துப் பள்ளி ஆசிரியர்கள், பேரப்பிள்ளைகளுக்குத் தன் கையால் எதையாவது செய்து கொடுக்க ஆசைப்படும் தாத்தாக்கள் என்று பலரும் கேட்டவை. நான் தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுப் பக்கத்து ஆள். அதனால் பதில்களில் பனையும் முள்ளும் செம்மணலும் கொஞ்சம் அதிகமாகவே வரும். உங்கள் ஊரில் வேறு மரம், வேறு பெயர், வேறு விதி இருக்கலாம். அதையே பின்பற்றுங்கள்.

நுங்கு வண்டி செய்வது எப்படி?

நுங்கை எடுத்த வெறுங்காய் இரண்டு, சாண் நீளத்தில் விரல் பருமனுள்ள குச்சி ஒன்று, பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்குக் கவட்டைக் கம்பு ஒன்று. இவ்வளவுதான் சாமான்.

காய் வெட்டும்போதே சொல்லி வைக்க வேண்டும். நுங்கு விற்பவர் காயைப் பல துண்டாகப் பிளந்து சுளையாக எடுத்துக் கொடுத்துவிட்டால் சக்கரம் கிடைக்காது. மேல்பக்கத்தை மட்டும் அரிவாளால் சீவிக் கண்களைத் திறக்கச் சொல்லி, கட்டைவிரலை விட்டு நோண்டிக் குடிக்க வேண்டும். அப்படிக் குடித்த காய்தான் உருண்டை கெடாமல் நிற்கும். இரண்டு காயும் ஒரே அளவில் இருக்கட்டும். ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் இருந்தால் வண்டி நேரே போகாது, சின்னக் காய் இருக்கும் பக்கமாகவே வளைந்துகொண்டிருக்கும்.

பெரும்பாலான காய்களில் மூன்று கண் இருக்கும். மூன்றுக்கும் நடுவே நார் கெட்டியாக இருக்கிற இடம்தான் அச்சுக்கு உரியது. குச்சியின் இரண்டு முனையையும் கூராகச் சீவி, அந்த இடத்தில் வைத்து அழுத்தித் திருகி இறக்குங்கள். அவசரப்பட்டுக் கண்ணுக்குள் குத்திவிட்டால் பிடிமானம் இருக்காது, பத்தடி போவதற்குள் சக்கரம் கழன்றுவிடும். மறுமுனையில் இரண்டாவது காய். இரண்டு காய்க்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு அச்சு தெரிய வேண்டும். அந்த இடத்தில் கவட்டையை மேலிருந்து வைத்துத் தள்ள வேண்டியதுதான். அச்சு சக்கரங்களோடு சேர்ந்தே சுற்றும், கவட்டை அதன்மேல் அழுந்திக்கொண்டு வரும். உராயும் இடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டால் வண்டி இலகுவாக ஓடும்.

கவட்டை தேடுவதுதான் இதில் நேரம் பிடிக்கும் வேலை. வேம்பு, புளி, கொய்யா எதுவானாலும் சரி, இரண்டு கிளையும் சம பருமனாக, இரண்டு விரல் நுழையும் அகலத்தில் பிரிந்திருக்க வேண்டும். கம்பு தேடுகிற வேலையைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். மரத்துக்கு மரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு அலைகிற அந்த நேரமும் விளையாட்டுதான்.

சில நாளில் காய் வாடிச் சுருங்கும், அச்சு லொடலொடக்கும். அப்புறம் மாட்டுக்குப் போட்டுவிடலாம். விரும்பித் தின்னும்.

எந்த மாதத்தில் எதைச் செய்யலாம்?

கைப்பொம்மைகளுக்குப் பருவம் உண்டு. சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆனியிலிருந்தே காற்று எடுக்க ஆரம்பித்து ஆடியில் உச்சத்துக்குப் போகும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் அதே மேல்காற்றுதான் எங்கள் பக்கம் பட்டத்தையும் ஓலைக் காற்றாடியையும் தூக்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் மழை வந்துவிட்டால் களிமண்ணும் காகிதக் கப்பலும். தை, மாசியில் கரிசல் காட்டில் சோளம் அறுவடையானதும் சோளத்தட்டை கிடைக்கும். மாசி, பங்குனியில் புளி உலுக்குவார்கள். வீட்டுக்கு வீடு புளியங்கொட்டை குவியும். அந்த நேரத்தில் பல்லாங்குழியும் தாயமும் களைகட்டும்.

கடற்கரை ஊர்களில் குருத்தோலை ஞாயிறு இன்னொரு பருவம். கோயிலில் வாங்கிய ஓலையைக் கிழித்துச் சிலுவை, மோதிரம், குருவி என்று பின்னிக்கொண்டே பிள்ளைகள் வீடு திரும்புவார்கள். கொடை விழாவுக்குத் தோரணம் கட்டியது போக மிச்சம் கிடக்கும் குருத்தோலையும் இதற்கு ஆகும். விளையாட்டுக்காகவே குருத்தை வெட்டாதீர்கள். மரத்தின் அடுத்த மட்டை அதுதான்.

எங்கள் ஊரில் பனை இல்லை. என்ன செய்வது?

தென்னை இருக்கும். இல்லாவிட்டால் பூவரசு இருக்கும். அதுவும் இல்லையென்றால் சோளத்தட்டை, வாழை மட்டை, தீப்பெட்டி, பழைய சைக்கிள் டயர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். எந்த ஊர்ப் பிள்ளையும் அடுத்த ஊரிலிருந்து சாமான் தருவித்து விளையாடியதில்லை.

சோளத்தட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிசல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது ஒரு முழுத் தச்சுப்பட்டறை. காய்ந்த தட்டையின் மேல்தோலை நீளவாக்கில் உரித்தால் வளைத்தாலும் ஒடியாத பட்டை கிடைக்கும். உள்ளே வெள்ளையாக, மெதுவாக நெட்டி இருக்கும். நெட்டியைத் துண்டு துண்டாக நறுக்கி, பட்டையின் முனையை அதில் செருகினால் பிடித்துக்கொள்ளும். பசை வேண்டாம், ஆணி வேண்டாம். இந்த இரண்டை மட்டும் வைத்தே மூக்குக்கண்ணாடி, கட்டில், நாற்காலி, நுகத்தடியோடு கூடிய மாட்டுவண்டி எல்லாம் செய்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: உரித்த பட்டையின் ஓரம் பிளேடு போல வெட்டும். விரலால் வழிக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாழை மட்டையில் துப்பாக்கி செய்யலாம். இலையைக் கழித்த நடுத்தண்டில் வரிசையாகச் சாய்வாகக் கீறி, கீறிய நாக்குகளை எழுப்பி நிறுத்த வேண்டும். கையை வேகமாக ஒரே இழுப்பாக ஓட்டினால் எல்லா நாக்கும் படபடவென்று மடங்கி அடிக்கும். ஒரு மட்டை ஒரு பிற்பகலுக்குத் தாங்கும்.

பூவரசம் பீப்பி ஊதினால் காற்றுதான் வருகிறது, சத்தம் வரவில்லை. ஏன்?

மூன்றில் ஒரு காரணம்தான். இலை முற்றிவிட்டது, சுருட்டல் தளர்ந்திருக்கிறது, அல்லது வாய் வைக்கும் முனை சரியாகத் தட்டையாகவில்லை.

தளிரும் வேண்டாம், கரும்பச்சையான முற்றலும் வேண்டாம். தொட்டால் வழவழப்பாக, மடித்தால் முறியாமல் வளைகிற நடுத்தர இலையாகப் பறியுங்கள். காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டு, இலையின் ஒரு ஓரத்திலிருந்து இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். உள்துளை மெல்லிய குச்சி நுழையும் அளவு இருந்தால் போதும். சுருட்டி முடித்ததும் விரலை எடுக்காமல் ஒரு முனையை முன்பல்லால் மெல்லக் கடித்து நசுக்க வேண்டும். கடித்துத் துண்டாக்கிவிடக் கூடாது, இரண்டு மடிப்பு ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்படி தட்டையானால் போதும். அந்த மடிப்புகள் காற்றில் அதிர்வதுதான் சத்தம். நாதஸ்வரத்தின் சீவாளி செய்கிற வேலையும் இதுதான்.

முதலில் மெதுவாக ஊதுங்கள். பலமாக ஊதினால் மடிப்பு ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். சத்தம் வந்துவிட்டால் அப்புறம் விளையாட்டை விரிக்கலாம். சின்ன இலையில் செய்தால் கீச்சென்று ஒலிக்கும். அதன்மேல் இன்னும் இரண்டு பெரிய இலையைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டிச் சுருட்டிக் குழலைப் பெரிதாக்கினால் குரல் தடித்து இறங்கும். நாலு பிள்ளைகள் நாலு அளவில் செய்து ஒன்றாக ஊதினால் கல்யாண ஊர்வலமே நடத்தலாம். இந்தப் பட்டியலில் எனக்கு மிகவும் பிடித்தது பீப்பிதான். கத்தி வேண்டாம், காசு வேண்டாம், மூன்று வயதுப் பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்து இலை பொறுக்கிக் கொடுக்கலாம்.

ஓலைக் காற்றாடி சுற்றவே மாட்டேன் என்கிறது. என்ன தப்பு?

அநேகமாக ஓட்டைதான். ஓலையில் போட்ட ஓட்டை முள்ளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். முள் இறுகி நின்றால் எப்படிச் சுற்றும்? உடைமுள்ளையோ கருவேல முள்ளையோ குத்தியதும் அதே இடத்தில் இரண்டு மூன்று தரம் திருகி ஓட்டையை அகட்டிவிடுங்கள்.

அடுத்தது முறுக்கு. சாண் நீளப் பனையோலைத் துண்டின் நடுவில் ஓட்டை போட்டு, இரண்டு முனையையும் எதிரெதிர்ப் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். இரண்டையும் ஒரே பக்கம் திருப்பினால் ஒரு முனை தள்ளுவதை மறுமுனை தடுக்கும், காற்றாடி திகைத்து நிற்கும். இரண்டு துண்டைக் கூட்டல் குறிபோல ஒன்றில் ஒன்று கோத்துச் செய்தால் இன்னும் நன்றாக ஓடும். ஆனால் முதல் தடவை ஒற்றை ஓலையிலேயே தொடங்குங்கள்.

முள்ளின் முனையைச் சோளத்தட்டை நெட்டியிலோ பனைமட்டை நுனியிலோ குத்தி நிறுத்தலாம். ஓலைக்கும் பிடிக்கும் நடுவில் ஒரு சின்ன ஓலைத் துணுக்கை வில்லையாகக் கோத்துவிட்டால் உரசாது. காற்று இல்லாத நாளில் பிள்ளை ஓடத்தான் வேண்டும். ஓடினால்தான் சுற்றும் என்பதுதான் அந்தப் பொம்மையின் அழகே.

பட்டம் மேலே போகாமல் குட்டிக்கரணம் போடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

குட்டிக்கரணம் போட்டால் வால் போதவில்லை. பழைய வேட்டிக் கரையைக் கிழித்து வாலை நீட்டுங்கள். எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் நடு ஈர்க்கு சரியான நடுவில் இல்லை, அல்லது வில்லாக வளைத்த ஈர்க்கின் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது. எதிர்ப்பக்கத்து முனையில் சின்னக் காகிதத் துண்டு ஒட்டிப் பாருங்கள். நூல் பலமாக இழுக்கிறது, ஆனால் பட்டம் ஏறவில்லை என்றால் சூத்திரத்தில் முடிச்சு கீழே இருக்கிறது. விரல் அகலம் மேலே தள்ளிக் கட்டுங்கள்.

சூத்திரம் என்பது பட்டத்தின் நடு ஈர்க்கில் மேலும் கீழும் கட்டி, முன்னால் கொண்டுவந்து முடிச்சிடும் நூல். பட்டத்தின் தலையெழுத்தே அதில்தான். செய்தித்தாளில் செய்கிறவர்கள் முழுத்தாளை எடுக்காதீர்கள், கனம் தாங்காது. அரைத்தாளைச் சதுரமாக வெட்டி, தென்னை ஈர்க்கு இரண்டைச் சீவி மெலிதாக்கிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினால் போதும்.

யாழ்ப்பாணத்துப் பட்டக் கலையை இந்த இடத்தில் சொல்லாமல் விட முடியாது. அங்கே சூத்திரத்தை முச்சை என்பார்கள். வடகீழ்க் காற்று வீசும் மார்கழி, தையில்தான் பட்டக் காலம். வல்வெட்டித்துறைக் கடற்கரையில் தைப்பொங்கல் நாளில் பெரிய பட்டப் போட்டியே நடக்கிறது. கொக்குப் பட்டம், பிராந்துப் பட்டம், எட்டுமூலைப் பட்டம் என்று வகை வகையாகக் கட்டுவார்கள். சிலவற்றின் தலையில் வில்போல விண் பூட்டிவிடுவார்கள். காற்றில் அது கூவுகிற சத்தம் இரவெல்லாம் ஊருக்குக் கேட்கும். ஒரு வீட்டுப் பிள்ளையின் பொழுதுபோக்கு ஊர்க்கலையாக வளர்ந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மாஞ்சா நூல் மட்டும் கூடவே கூடாது. நைலான், செயற்கை இழை மாஞ்சாவை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் நாடு முழுக்கத் தடை செய்தது. சாலையில் போகிறவர்களின் கழுத்தையும் பறவைகளின் சிறகையும் அறுக்கும் நூல் அது. சாதாரணப் பருத்தி நூல் போதும். மின்கம்பி இல்லாத வெளியாகப் பார்த்துப் பறக்கவிடுங்கள். சிக்கிக்கொண்டால் பட்டம் போகட்டும் என்று விட்டுவிட வேண்டும்.

இந்தப் பொம்மைகள் எவ்வளவு காலத்துப் பழமை?

சங்கப் பாட்டிலேயே பொம்மை வண்டி வந்துவிட்டது. குறுந்தொகை 61ஆம் பாட்டில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்த சிறுதேரைப் பற்றிச் சொல்கிறார். அதில் ஏறிப் போக முடியாது, ஆனாலும் கையால் இழுத்தே பிள்ளைகள் இன்பப்படுகிறார்கள் என்கிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளைகள் குதிரை பூட்டாத முக்கால் சிறுதேரை உருட்டுகிறார்கள். முக்கால் என்றால் மூன்று சக்கரம். காயப்போட்ட உணவைக் கொத்த வந்த கோழியின் மேல் பெண்கள் கழற்றி எறிந்த காதணி, அந்தத் தேர் போகும் வழியில் தடையாகக் கிடக்கிறது. பிற்காலப் பிள்ளைத்தமிழில் ஆண்குழந்தைக்குச் சிறுதேர் உருட்டுவதும் சிறுபறை முழக்குவதும் தனித்தனிப் பருவங்களாகவே ஆகிவிட்டன.

மண்ணுக்கடியிலும் சான்று உண்டு. கீழடி அகழாய்வில் பகடைக்காய், சுடுமண் ஆட்டக்காய்கள், வட்டச் சில்லுகள் கிடைத்திருக்கின்றன. ஓலையும் காயும் மக்கிவிடும், சுடுமண்தான் நிற்கும். உடைந்த பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் சில்லு செய்வதை இன்றைக்கும் பாண்டி ஆடுகிற பிள்ளைகளிடம் பார்க்கலாம்.

தாயம் ஆடப் பகடை இல்லை. வேறு வழி?

நாலு புளியங்கொட்டை எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் கல்லில் தேய்த்து வெள்ளை தெரியச் செய்யுங்கள். எத்தனை வெள்ளை மேலே விழுகிறதோ அதுதான் எண். எல்லாம் கறுப்பாக விழுந்தால் பெரிய எண். அது எட்டா பன்னிரண்டா என்பது ஊருக்கு ஊர் மாறும், ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். தேய்க்கும்போது கொட்டை நன்றாகச் சூடாகும். அதை அடுத்த பிள்ளையின் கையில் வைக்கிற குறும்பு எந்தக் காலத்திலும் உண்டு, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

பல்லாங்குழிக்கும் பலகை வாங்க வேண்டியதில்லை. மண்ணில் ஒரு பக்கத்துக்கு ஏழாக இரண்டு வரிசை குழி தோண்டி, குழிக்கு ஐந்து கொட்டை போட்டால் எழுபது கொட்டையில் ஆட்டம் தயார்.

பல்லாங்குழி, தட்டாங்கல் பெண்பிள்ளைகளுக்கு. பம்பரம், கிட்டிப்புள் ஆண்பிள்ளைகளுக்கு. அப்படித்தானே?

வழக்கம் அப்படி இருந்தது. அந்த வழக்கம் விளையாட்டின் தன்மையால் வந்ததில்லை. பெண்பிள்ளைகளைத் திண்ணையை விட்டு இறங்க விடவில்லை, அதனால் திண்ணையில் ஆடக்கூடியவை அவர்களுக்கு என்று ஆயின. தம்பியையோ தங்கையையோ இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடிய அக்காக்கள் எத்தனை பேர்! விளையாடும் நேரம்கூட அவர்களுக்கு முழுசாகக் கிடைத்ததில்லை.

இப்போது அந்தப் பிரிவைக் கட்டிக்காக்க எந்தக் காரணமும் இல்லை. பம்பரத்தில் சாட்டையைச் சுற்றி எறிவதற்கும், சுற்றுகிற பம்பரத்தைச் சாட்டையால் தூக்கிக் கையில் ஏந்தி அபீட் எடுப்பதற்கும் வேண்டியது மணிக்கட்டின் லாகவம். அது தட்டாங்கல் ஆடிய கைக்கு இன்னும் சீக்கிரம் வரும். அதேபோல, தட்டாங்கல்லை உட்கார்ந்து ஆடும் பையன்களுக்குக் கண்ணும் கையும் சேர்ந்து இயங்கப் பழகும். பிள்ளைகளிடம் யாருக்கு எது என்று சொல்லாமல் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துவிடுங்கள்.

கிட்டிப்புள்ளுக்கு என்ன அளவு?

கிட்டி ஒரு முழத்துக்குச் சற்றுக் கூட. புள் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைய, இரண்டு முனையும் சீவியிருக்க வேண்டும். புளி, கொய்யா, கருவேல் நல்லவை. முருங்கை ஆகாது, அடித்ததும் முறியும். ஊருக்கேற்பக் கில்லி, சில்லாங்குச்சி என்றும் சொல்வார்கள். பறந்து வரும் புள் கண்ணில் பட்டால் கண் போய்விடும். அடிப்பவருக்கு நேர் எதிரே யாரும் கிட்டத்தில் நிற்கக் கூடாது, சின்னப் பிள்ளைகள் களத்துக்கு வெளியே. இதில் மட்டும் சலுகையே கிடையாது.

பிள்ளைகள் கையில் கத்தி கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பெரியவர் எல்லாவற்றையும் செய்து முடித்துக் கையில் நீட்டுகிற நுங்கு வண்டி, கடையில் வாங்கிய பொம்மைக்குச் சமம். அரைமணி நேரத்தில் அது மூலையில் கிடக்கும். கோணலாகவேனும் தான் சீவிய அச்சு என்றால் பிள்ளை அதை ஊரெல்லாம் காட்டிவிட்டு வரும்.

ஐந்து ஆறு வயதுக்கு ஓலை கிழிப்பது, இலை சுருட்டுவது, மண் பிசைவது போதும். எட்டு ஒன்பது வயதில் சின்னக் கத்தியால் குச்சி சீவக் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி எப்போதும் உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும், மொட்டைக் கத்தி கூடாது. மொட்டைக் கத்திதான் வழுக்கிக் கையை வெட்டும். அரிவாள் பெரியவர் கையில் மட்டும். செய்யும் நேரம் முழுக்கப் பக்கத்தில் இருங்கள், ஆனால் பிடுங்கிச் செய்யாதீர்கள். கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

நாங்கள் சின்ன வயதில் செய்த எல்லாவற்றையும் இவர்களும் செய்யலாமா?

எல்லாம் வேண்டாம். சிலவற்றை விட்டுவிடுவதுதான் நியாயம்.

தட்டான் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவது, பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் அடைத்து வைப்பது இரண்டும் வேண்டாம். நமக்கு அது விளையாட்டு, அந்த உயிருக்கு வதை. தட்டான் உட்கார்ந்திருக்கும்போது சத்தமில்லாமல் எவ்வளவு கிட்டே போக முடியும் என்று பந்தயம் வையுங்கள். பிடிப்பதைவிட அதில் சாமர்த்தியம் அதிகம் வேண்டும்.

கவட்டையில் சைக்கிள் டியூப் ரப்பரைக் கட்டிக் கல் எறியும் உண்டிவில்லை எங்கள் பக்கம் எல்லாப் பையன்களும் வைத்திருப்பார்கள். செய்வதில் தவறில்லை. சிரட்டையை வரிசையாக அடுக்கி, களிமண் உருண்டையால் அடித்துப் பழகட்டும். குருவியையும் ஓணானையும் குறிவைக்க விடாதீர்கள்.

எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். அதைத் தொட்டு விளையாடும் எதுவும் வேண்டாம். காட்டாமணக்கின் பாலை ஊதிக் குமிழி விடுவது பல ஊர்களில் உண்டு, பார்க்கவும் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் செடியின் கொட்டை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் தின்றுவிட்டு வாந்தி, வயிற்றுப்போக்கு என்று மருத்துவமனைக்குப் போகிறார்கள். சோப்புத் தண்ணீரும் பப்பாளி இலைக்காம்பும் அதே குமிழியைத் தரும். பப்பாளிக் காம்பு உள்ளே துளையோடு இருப்பதால் குழாயாகவே பயன்படும். காம்பை நறுக்கியதும் வடியும் பாலைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், ஊதத்தான் வேண்டும், உறிஞ்சக் கூடாது.

கண்மாய், குளத்துப் பக்கம் மண் எடுக்கப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். இப்போது பல குளங்களில் மண் அள்ளிய பள்ளம் திடீரென்று ஆழமாக இறங்குகிறது. தண்ணீர் நிறைந்தால் வெளியே தெரியாது.

மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே என்ன செய்யலாம்?

கொஞ்சம் கரம்பை மண்ணை முன்பே கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள். கல், வேர் எல்லாம் பொறுக்கி, தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைய வேண்டும். அடுப்பு, சட்டி, அம்மி, உரல் என்று முழு வீடும் செய்யலாம். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும், நிழலில் காயட்டும். பிசையும்போதே ஒரு பிடி மணல் சேர்த்தால் விரிசல் குறையும்.

மண்வெடி விளையாட்டு தெரியுமா? மண்ணைக் குழிவான கிண்ணமாகச் செய்து, அடிப்பக்கத்தை மட்டும் விரலால் அழுத்தி மெலிதாக்க வேண்டும். அப்புறம் கிண்ணத்தின் வாய் தரையைப் பார்க்கும்படி திருப்பி ஓங்கி அடித்தால், உள்ளே சிக்கிய காற்று மெலிந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டு டப்பென்று வெளியேறும். விழுந்த ஓட்டையை அடைக்கும் அளவு மண்ணை எதிராளி தன் பங்கிலிருந்து தர வேண்டும். கடைசியில் யாரிடம் அதிக மண்ணோ அவர் ஜெயித்தார். திண்ணை நாசமாகும்தான், கழுவிக்கொள்ளலாம்.

தீப்பெட்டி போனில் உண்மையிலேயே பேச்சு கேட்குமா?

கேட்கும். இரண்டு தீப்பெட்டியின் உள்தட்டை எடுத்து, நடுவில் ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து, உள்பக்கம் ஒரு தீக்குச்சித் துண்டில் முடிச்சிடுங்கள். நூல் விறைப்பாக இருக்க வேண்டும், நடுவில் சுவரிலோ கையிலோ படக் கூடாது. பேச்சின் அதிர்வு நூல் வழியாகத்தான் போகிறது, தொய்ந்தால் நின்றுவிடும். கேட்காவிட்டால் காகிதக் கோப்பையில் செய்து பாருங்கள், இன்னும் தெளிவாக வரும்.

பிள்ளைகள் கைப்பேசியை விட்டு வருவதே இல்லை. இதெல்லாம் அவர்களுக்குப் பிடிக்குமா?

"போனை வைத்துவிட்டு வா, நுங்கு வண்டி செய்யலாம்" என்று அழைத்தால் வர மாட்டார்கள். நீங்கள் பாட்டுக்கு முற்றத்தில் உட்கார்ந்து செய்ய ஆரம்பியுங்கள். ஒரு பீப்பிச் சத்தம் கேட்டால் போதும், எட்டிப் பார்ப்பார்கள். இன்னொன்று, தனியாக ஒரு பிள்ளைக்கு இவை அலுத்துவிடும். கிராமத்து விளையாட்டுக்கு வேண்டியது பொம்மையைவிடக் கூட்டாளிகள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். உள்ளூர்ப் பிள்ளை ஒருவன் கற்றுக்கொடுத்தால் உங்கள் பிள்ளை நீங்கள் சொல்வதைவிடப் பத்து மடங்கு ஆர்வமாகக் கேட்கும்.

நேரமும் தாராளமாக வேண்டும். நீச்சல் வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் நடுவில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் காற்றாடி செய்ய முடியாது. ஓலை தேட ஒரு பொழுது, கெட்டுப்போனதைத் திருத்த ஒரு பொழுது என்று மெதுவாகத்தான் அது நடக்கும்.

பள்ளியில் முப்பது பிள்ளைகளுக்கு ஒரு நாள் பயிற்சி நடத்த விரும்புகிறேன். எப்படித் திட்டமிடுவது?

எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டாதீர்கள். இரண்டு பொம்மை போதும்: ஓலைக் காற்றாடி ஒன்று, பீப்பி ஒன்று. காற்றாடிக்கு ஓலையை முதல்நாளே வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த ஓலை மடிக்கும்போது முறியும். முள்ளை நீங்களே ஒடித்து எண்ணிக் கொடுத்து, முடிந்ததும் எண்ணி வாங்குங்கள். சீமைக்கருவேல முள் குத்தினால் கடுகடுக்கும், வீங்கவும் செய்யும். அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஐந்து பேருக்கு ஒரு வட்டம் என்று தரையில் உட்காரவையுங்கள். ஊரில் ஓலை பின்னத் தெரிந்த பாட்டிகள், பனையேறும் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் இருந்தால் வட்டத்துக்கு ஒருவராக அழையுங்கள். கற்றுக்கொடுக்க வந்தவர்களாக அவர்களை உட்காரவைத்து மரியாதை செய்யுங்கள், கூலியையும் மறக்காமல் கொடுங்கள். அவர்கள் சொல்லும் செய்முறையை ஒரு பிள்ளை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளட்டும்.

பூவரசு இலையை அன்று காலையில் பறித்தால் போதும். தலைக்கு நாலைந்து இலையாவது வேண்டும், முதல் இரண்டு வீணாகத்தான் போகும். பீப்பியைக் கடைசி மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் மணியில் தொடங்கினால் பக்கத்து வகுப்பில் அன்று பாடம் நடக்காது.